மண்ணடியில் வழிபாடு: மாயா அகழாய்வு குறித்த வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், மத்திய அமெரிக்காவின் எல் சால்வடோர் நாட்டில் எரிமலைச் சாம்பலுக்குள் புதைந்து கிடந்த ஹோயா டெ செரென் என்னும் சிற்றூரைப் பற்றி ஒரு குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அவ்வூர் மக்களின் சடங்குகளையும், மெக்சிகோ முதல் எல் சால்வடோர் வரை பரவி வாழ்ந்த பழங்குடியினரான மாயா மக்களின் வழிபாட்டைப் பொதுவாகவும் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இம்முறை அந்த ஒரு பொருளுக்கே பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: அந்த ஊர் எப்படிப் புதைந்தது, எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதைக் குறிப்பில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். சற்று விரிவாகச் சொல்ல முடியுமா? (வாசகர், கோயம்புத்தூர்)

1976ஆம் ஆண்டில் தானியக் கிடங்குகள் கட்டுவதற்காக அப்பகுதியில் புல்டோசர் வைத்து நிலத்தைச் சமன்படுத்தியபோது, மண்மேட்டின் வெட்டுமுகத்தில் ஒரு வீட்டின் தரையும் சுவரும் தெரிந்தன. அவை அத்தனை புதிதாகத் தோன்றியதால், அண்மைக் காலத்தில் புதைந்த ஏதோ ஒரு வீடு என்றே முதலில் கருதினார்கள், வேலையும் நிற்கவில்லை, சில கட்டடங்கள் அப்போதே அழிந்துபோயின. 1978இல் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேசன் ஷீட்ஸ் அங்கே வந்து, கூரைக்கு வேய்ந்திருந்த புல்லைக் கார்பன் காலக்கணிப்புக்கு அனுப்பினார். அந்தப் புல் ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் அறுக்கப்பட்டது என்று தெரியவந்த பிறகுதான் முறையான அகழாய்வு தொடங்கியது. 1993இல் யுனெஸ்கோ இவ்வூரை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

ஊரிலிருந்து சுமார் 600 மீட்டர் தொலைவில் லோமா கால்டெரா என்னும் எரிமலை வாய் திடீரென்று வெடித்ததால் வந்த அழிவு இது. நீராவி கலந்த நுண்சாம்பலும் பருமனான எரிகற்களும் மாறி மாறிப் பொழிந்து, பதினான்கு அடுக்குகளாகப் படிந்து, ஊரை 4 முதல் 8 மீட்டர் ஆழத்துக்கு மூடிவிட்டன. ஈரமான நுண்சாம்பல் ஒவ்வொரு பொருளையும் அது இருந்த நிலையிலேயே கவ்விக்கொண்டதால், வயலில் நின்ற மக்காச்சோளத் தட்டைகூட மட்கிப் போன பின்னும் தன் வடிவத்தை வெற்றிடமாக விட்டுச் சென்றிருக்கிறது. அந்த வெற்றிடத்துக்குள் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் பிளாஸ்டரை ஊற்றி, இறுகிய பின் சுற்றியுள்ள சாம்பலைச் சுரண்டி எடுத்தால், கதிரும் இலையுமாகச் செடி கையில் கிடைக்கிறது. அப்படிக் கிடைத்த கதிர்களின் முதிர்ச்சியைக் கொண்டு வெடிப்பு ஆகஸ்டு மாதத்தை ஒட்டி நடந்திருக்க வேண்டும் என்றும், உண்டு முடித்துக் கழுவாமல் கிடந்த கலங்களையும் இன்னும் விரிக்கப்படாத பாய்களையும் கொண்டு அது மாலைப்பொழுதாக இருக்க வேண்டும் என்றும் கணித்திருக்கிறார்கள். வீடுகளுக்குள் மனித உடல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மக்கள் கையில் எதையும் எடுத்துக்கொள்ளாமல் ஓடியிருக்கிறார்கள்.

மாயா மக்களின் வழிபாட்டை அறிய விரும்புவோருக்கு இவ்வூர் இவ்வளவு முக்கியமாக இருப்பதற்குக் காரணமும் அதுவே. பிற ஊர்களில் மக்கள் குடிபெயரும்போது நல்ல பொருள்களை எடுத்துச் சென்றுவிடுவார்கள். உடைந்ததும் வேண்டாததுமே நமக்கு மிஞ்சும். இங்கே எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

கேள்வி: ஒரு கட்டடம் சமையலறையா, கிடங்கா, வழிபாட்டிடமா என்பதை அகழாய்வாளர்கள் எப்படி முடிவு செய்கிறார்கள்? புரியாத பொருள் எது கிடைத்தாலும் ‘சடங்குப் பொருள்’ என்று எழுதிவிடுகிறார்கள் என்று என் பேராசிரியர் ஒருவர் வகுப்பில் சொன்னார். அது உண்மையா? (கல்லூரி மாணவி, மதுரை)

உங்கள் பேராசிரியர் சுட்டிய குறை தொல்லியலில் நெடுங்காலமாக உண்டு. பயன் தெரியாத பொருளுக்கெல்லாம் சடங்குப் பெயர் சூட்டுவது எளிது. அதை மறுப்பதுதான் கடினம். ஆனால் முறையாகத் தோண்டிய இடத்தில் அந்த முடிவு தனிப்பொருள் ஒன்றைப் பார்த்து எடுக்கப்படுவதில்லை. எந்தப் பொருள், எந்த அறையில், எந்த உயரத்தில், எதற்கு அருகில், எதோடு சேராமல் இருந்தது என்னும் விவரங்கள் யாவும் ஒன்று சேர்ந்தே அம்முடிவைத் தருகின்றன. செரெனில் கிடைத்த இரண்டு கட்டடங்களை எடுத்துக்கொண்டால் இது தெளிவாக விளங்கும்.

முதலில், அகழாய்வாளர்கள் பத்தாம் எண் கொடுத்துள்ள கட்டடம். அதற்குள் ஒரு மான் மண்டையோடு இருந்தது. கொம்பின் அடிப்பகுதி நீங்காத அந்த மண்டையோட்டில் சிவப்பும் வெள்ளையுமாக வண்ணம் தீட்டியிருந்தார்கள். தலையில் வைத்துக் கட்டிக்கொள்வதற்கான கயிற்றின் தடமும் அதில் எஞ்சியிருந்தது. அதே கட்டடத்தில் முதலை உருவில் வனைந்த ஒரு பெரிய மட்கலமும், அதற்குள் சிவப்புச் சாயம் தரும் அச்சியோட்டே விதைகளும் இருந்தன. இவற்றை மட்டும் பார்த்தால் விழாப் பொருள்களைப் பாதுகாத்து வைத்த அறை என்று சொல்லி நிறுத்தலாம். ஆனால் அதே கட்டடத்தின் வேறு பகுதிகளில் அடுப்பும், அரைக்கும் கல்லும், ஒரு குடும்பத்தின் தேவைக்கு மிஞ்சிய அளவில் உணவு சேமித்த பெரிய பானைகளும் இருந்தன. ஆனாலும் யாரும் அங்கே தூங்கியதற்கான அடையாளம் இல்லை. அதற்கு அடுத்திருந்த வீட்டிலோ ஒரு குடும்பத்துக்குத் தேவையானதைக் காட்டிலும் கூடுதலான அம்மிகள் இருந்தன. கவைக்கொம்புகளின் மேல், நின்றபடியே அரைப்பதற்கு வசதியான உயரத்தில் அவற்றைப் பொருத்தியிருந்தார்கள்.

இவற்றைச் சேர்த்துப் பார்த்த ஷீட்ஸ், ஊர் முழுவதற்குமான விழாவுக்கு உணவு ஆக்கிப் பரிமாறிய இடம் இது என்றும், மான் தலையணி அவ்விழாவில் ஆடியவரோ நடத்தியவரோ அணிந்தது என்றும், அதற்கான மாவை அரைத்துக் கொடுக்கும் பொறுப்பு பக்கத்து வீட்டாருடையது என்றும் கருதுகிறார். ஊர் அழிந்தது கதிர் முற்றிய காலம் என்பதால், அது அறுவடையை ஒட்டிய விழாவாக இருக்கலாம். விழாவின் பெயரோ அதில் அழைக்கப்பட்ட தெய்வத்தின் பெயரோ இந்த மண்ணிலிருந்து கிடைக்காது. ஆனால் மாவு அரைத்த இடத்திலிருந்து தலையணி வைத்திருந்த இடம் வரை நம்மால் நடந்து பார்க்க முடிகிறது; அவ்வளவு தெளிவாக ஒரு சிற்றூர்த் திருவிழாவின் ஏற்பாடு தொல்லியலில் வேறெங்கும் காணக் கிடைப்பது அரிது.

பன்னிரண்டாம் எண் கட்டடம் இதற்கு முற்றிலும் வேறான இயல்புடையது. அங்கே ஒருவர் உள்ளே போகப் போகத் தரை படிப்படியாக உயர்கிறது; வழிகள் குறுகலாக இருக்கின்றன; சுவர்களில் வெள்ளை பூசி ஆங்காங்கே சிவப்பு தீட்டியிருக்கிறார்கள்; மண்ணாலும் கழியாலும் செய்த கம்பியழி போன்ற சாளரங்கள் இருக்கின்றன. ஊரின் குடியிருப்பு வீடுகள் எவற்றிலும் இந்த அமைப்பு இல்லை. உள்ளே கிடைத்த பொருள்களோ பார்வைக்கு மிக எளியவை: ஒரு சிறு குவியல் அவரை விதைகள், சேகரித்து வைத்த கனிமத் துண்டுகள், மான் கொம்பு, ஒரு பெண்ணின் சுடுமண் உருவம், முட்சிப்பியின் ஓடு. விதைகளையும் படிகங்களையும் பரப்பி எண்ணிக் குறி சொல்வது மாயா மக்களிடையே இன்றும் நடைபெறும் வழக்கம். ஆகவே குறி கேட்க வந்தவர் வெளியே நிற்க, குறி சொல்பவர் சாளரத்துக்கு உட்புறம் இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். பெண்களின் வேலைகளோடு தொடர்புடைய பொருள்களும் அங்கே இருந்ததால், குறி சொன்னவர் ஒரு பெண் என்று ஷீட்ஸ் வாதிடுகிறார். எனக்கு அந்த வாதம் ஏற்கத்தக்கதாகவே படுகிறது. மாயா வழிபாட்டைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் அரசர்களையும் பூசாரிகளையுமே பேசுகின்றன. எழுத்தில் பெயர் இல்லாத ஒரு சிற்றூர்ப் பெண், தன் ஊராரின் நோய்க்கும் கவலைக்கும் விடை சொல்லும் இடத்தில் இருந்தார் என்று காட்டும் சான்று ஒரு மன்னரின் கல்லறைக்கு எந்த வகையிலும் குறைந்தது அன்று.

இதே அவரை விதைகள் ஒரு வீட்டின் பானைக்குள் கிடைத்திருந்தால் அவை உணவு என்றே கொள்ளப்பட்டிருக்கும். அப்படி நிறைய கிடைக்கவும் செய்தன. இதே மான் மண்டையோடு ஒரு பழம்பொருள் கடையில் விற்பனைக்கு வந்திருந்தால் அது ஓர் அழகிய பொருள் என்பதற்கு மேல் நாம் எதுவும் சொல்லியிருக்க முடியாது. புதையல் தேடித் திருட்டுத்தனமாகத் தோண்டுபவர்கள் எடுத்துச் செல்வது பொருளை மட்டும் அன்று; அதன் அக்கம்பக்கத்தையும் சேர்த்து அழித்துவிட்டுப் போகிறார்கள். மாயா நாட்டின் நூற்றுக்கணக்கான இடங்களில் இந்த அழிவு நடந்திருக்கிறது என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி: செரெனில் வியர்வைக் குளியலறை ஒன்று இருந்ததாக எழுதியிருந்தீர்கள். அது உடல்நலத்துக்கா, சடங்குக்கா? (வாசகர், யாழ்ப்பாணம்)

இரண்டுக்கும்தான். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கும் வழக்கம் அம்மக்களிடம் இருந்ததாகத் தெரியவில்லை. ஒன்பதாம் எண் கட்டடமான அந்த அறை தடித்த மண்சுவர்களும் மண்ணால் ஆன கவிகை மாடக் கூரையும் கொண்டது. நடுவில் தீயிடும் கூடும், சுற்றிலும் அமரத் திண்ணையும், உச்சியில் ஒரு துளையும் உண்டு. சூடேறிய கற்களின் மீது நீரைத் தெளித்து, எழும் ஆவியில் பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கமாக உட்காரலாம். எரிமலை வீசிய கல் ஒன்று அந்த மாடத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே விழுந்திருப்பதை இன்றும் காணலாம்.

மெக்சிகோவிலும் குவாத்தமாலாவிலும் உள்ள பழங்குடி மக்கள் இன்றும் தெமஸ்கால் என்னும் இத்தகைய குளியலைப் பிரசவத்துக்குப் பின்னும், நோய் தீரவும், சடங்குக்கு முன் உடலைத் தூய்மை செய்யவும் பயன்படுத்துகிறார்கள். செரென் அறையும் ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரியதாக இல்லாமல் பலர் கூடும் அளவில் இருப்பதால், ஊர்ப் பயன்பாட்டுக்கு உரியதென்று கொள்வதே பொருத்தம்.

கேள்வி: கன்னிப் பெண்களைக் கிணற்றில் தள்ளிப் பலி கொடுத்தார்கள் என்று மாயா மக்களைப் பற்றிப் பல இடங்களில் படிக்கிறோம், பார்க்கிறோம். இதில் உண்மை எவ்வளவு? (வாசகி, சென்னை)

மனிதப் பலி நடந்தது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கன்னிப் பெண்கள் என்னும் பகுதி அகழாய்வில் நிலைக்கவில்லை.

மெக்சிகோவின் யுகாட்டான் பகுதியில் உள்ள சிச்சென் இட்சா நகரில், சுண்ணாம்புப் பாறை இடிந்து உருவான, ஏறத்தாழ 60 மீட்டர் அகலமுள்ள ஒரு பெரும் நீர்க்குழி இருக்கிறது. அங்கே மனிதர்களையும் விலையுயர்ந்த பொருள்களையும் எறிந்து மழை வேண்டினார்கள் என்று 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியப் பாதிரியார் டியேகோ டெ லாந்தா எழுதிவைத்தார். 1904 முதல் அமெரிக்கத் தூதரக அதிகாரி எட்வர்ட் தாம்சன் அக்குழியின் அடிச்சேற்றைத் தூர்வாரும் எந்திரத்தால் அள்ளி எடுத்தார். தங்கம், பச்சை ஜேட் கல், செம்பு மணிகள், துணித் துண்டுகள், கோப்பால் என்னும் நறுமணப் பிசின் உருண்டைகள், மனித எலும்புகள் ஆகியவை அதில் வந்தன. அவற்றுள் பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டது. சில பின்னாளில் மெக்சிகோவுக்குத் திரும்பின. அந்த எலும்புகளைப் பின்னர் ஆராய்ந்தவர்கள் ஆண், பெண், குழந்தை என எல்லாத் தரப்பினரும் அதில் இருப்பதைக் கண்டார்கள்.

2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை மேலும் தெளிவாக்கியது. அந்நீர்க்குழிக்கு அருகில் ஒரு நிலத்தடித் தொட்டியும் அதை ஒட்டிய குகையும் 1967இல் கண்டறியப்பட்டிருந்தன. அவற்றில் நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகளின் எலும்புகள் இருந்தன. அவர்களில் 64 பேரின் மரபணுக்களை ஆராய்ந்தபோது அத்தனை பேரும் ஆண் குழந்தைகள் என்றும், பெரும்பாலோர் மூன்று முதல் ஆறு வயதுக்கு உட்பட்டவர்கள் என்றும், பலர் ஒருவருக்கொருவர் நெருங்கிய உறவினர் என்றும், இரண்டு இணைகள் ஒருகரு இரட்டையர் என்றும் தெரிந்தது. மாயா மக்களின் படைப்புக் கதையில் பாதாளத்துக்குச் சென்று அங்குள்ள தெய்வங்களை வெல்லும் இரட்டையர் வருகிறார்கள். இந்த அடக்கத்துக்கும் அக்கதைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எண்ணுகிறார்கள். அப்பகுதியில் இன்று வாழும் மாயா மக்கள் தாமாக முன்வந்து தங்கள் மரபணு மாதிரிகளைக் கொடுத்தார்கள். அவர்களுக்கும் அக்குழந்தைகளுக்கும் இடையே மரபுத் தொடர்ச்சி இருப்பது உறுதியானது. அந்தக் குழந்தைகளை வேடிக்கைப் பொருளாக அல்லாமல் ஓர் இனத்தின் முன்னோராகப் பார்க்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாயா அரச வழிபாட்டில் அடிக்கடி நிகழ்ந்தது பிறரைப் பலியிடுவது அன்று. தம் குருதியைத் தாமே சிந்துவது. யாஷ்சிலான் நகரின் ஒரு வாயில் மேற்கல்லில், கி.பி. 709இல் நடந்த சடங்கு செதுக்கப்பட்டிருக்கிறது. அரசி கபால் ஷோக் முள் கோத்த கயிற்றைத் தன் நாக்கின் ஊடே இழுக்கிறார். குருதி கீழே கூடையிலுள்ள தாளில் சொட்டுகிறது. அரசர் தீப்பந்தம் ஏந்தி நிற்கிறார். குருதி தோய்ந்த தாளை எரித்து, அந்தப் புகையின் வழியே முன்னோரையும் தெய்வங்களையும் அழைத்தார்கள். இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அக்கல்லில் அரசியின் ஆடைப் பின்னல்கூட நூல் நூலாகத் தெரிகிறது. இச்சடங்குக்கு உரிய திருக்கை மீனின் முள்ளும் எரிமலைக் கண்ணாடிக் கத்தியும் பல மாயா நகரங்களின் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன.

கேள்வி: மாயா ஓவியங்களில் வரும் நீல நிறம் மங்காமல் இருப்பதற்கும் சடங்குக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே? (வாசகர், சேலம்)

உண்டு. அவுரியிலிருந்து எடுத்த நீலச் சாயத்தைப் பாலிகோர்ஸ்கைட் என்னும் ஒருவகைக் களிமண்ணோடு சேர்த்துச் சூடாக்கினால், சாயம் களிமண்ணின் நுண்துளைகளுக்குள் அடைபட்டு வெயிலுக்கும் அமிலத்துக்கும் அசையாத நிறமாகிறது. சிச்சென் இட்சா நீர்க்குழியிலிருந்து எடுத்துச் சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் வைத்திருந்த ஒரு கலத்தில், கோப்பால் பிசினுக்குள் இந்தக் கலவையின் துணுக்குகள் இருப்பதை 2008இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. நறுமணப் பிசினை எரிக்கும் தீயிலேயே, அதாவது சடங்கின் ஒரு பகுதியாகவே, நிறத்தையும் ஆக்கியிருக்கிறார்கள் என்பது அவ்வாய்வாளர்களின் கருத்து. நீர்க்குழியின் அடியில் நான்கு மீட்டருக்கு மேல் நீலச் சேறு படிந்திருந்ததாகத் தாம்சன் எழுதியிருந்ததற்கும் இதனால் காரணம் கிடைத்தது: எறிந்த காணிக்கைகளின் மேல் பூசிய நீலம் கழன்று கீழே படிந்திருக்கிறது.

கேள்வி: விலைமதிப்புள்ள கற்களையும் பாத்திரங்களையும் ஏன் தரைக்கு அடியில் புதைத்தார்கள்? பிறகு எடுத்துக்கொள்வதற்காகவா? (வாசகர், தஞ்சாவூர்)

எடுத்துக்கொள்வதற்காக அன்று. ஒரு கட்டடத்துக்கோ முற்றத்துக்கோ உயிர் ஊட்டுவதற்காகக் கொடுத்த காணிக்கைகள் அவை. புதைத்து, மேலே தளம் போட்டு மூடிய பிறகு அவற்றைப் பார்ப்பதற்கு ஒருவரும் இல்லை. மாயா ஊர்களை அகழ்வோர் மிகவும் கவனமாகத் தேடுவதும் இவற்றையே.

குவாத்தமாலாவின் செய்பால் நகரில் டாக்கேஷி இனோமாட்டா, டேனியலா டிரியாதான் ஆகிய இருவரின் குழு 2005 முதல் பணியாற்றியது. கி.மு. 950ஐ ஒட்டி அமைத்த முற்றத்தின் நடுக்கோட்டில், கிழக்கு மேற்காக, பச்சைக்கல்லில் செய்த கோடரிகளைக் குழிகளில் இட்டு மூடியிருந்ததை அவர்கள் கண்டார்கள். சிலுவை வடிவில் குழி வெட்டி, நான்கு திசைகளையும் நடுவையும் குறிக்கும்படி பொருள்களை அடுக்குவதும் அக்காலத்திலேயே தொடங்கிவிட்டது. அதே இனோமாட்டாவின் குழு மெக்சிகோவின் டபாஸ்கோ மாநிலத்தில் 1,400 மீட்டர் நீளமுள்ள அகுவாடா ஃபெனிக்ஸ் என்னும் பெருமேடையை வான்வழி லேசர் அளவீட்டால் கண்டறிந்து 2020இல் அறிவித்தது. அதன் நடுவிலும் சிலுவை வடிவக் குழி ஒன்று பின்னர் கிடைத்தது. வடக்கில் நீல அசுரைட், கிழக்கில் பச்சை மாலகைட், தெற்கில் மஞ்சள் காவி என்று திசைக்கொரு நிறமாக அங்கே மண் இட்டிருந்தார்கள். திசைக்கு நிறம் உண்டு என்பது மாயா மரபில் பிற்காலத்திலிருந்தே நமக்குத் தெரிந்த செய்தி. மாமன்னர்கள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அது குழியில் வைத்து மூடப்பட்டிருக்கிறது. அம்மேடையில் மன்னர்களின் மாளிகையோ சிலைகளோ காணப்படவில்லை என்பதால், ஆணைக்கு அஞ்சிக் கட்டாமல், சடங்குக்காக மனமுவந்து கூடியவர்கள் கட்டியது என்று இனோமாட்டா கருதுகிறார்.

ஹோண்டுராஸ் நாட்டின் கோபான் நகரில் கட்டடமே காணிக்கையாகப் புதைக்கப்பட்டிருக்கிறது. மாயா மக்கள் பொதுவாகப் பழைய கோயிலை இடித்து, அதன் இடிபாட்டின் மேல் புதியதைக் கட்டுவார்கள். ஆனால் ரிக்கார்தோ அகுர்சியா 1989இல் ஒரு பிரமிடின் உள்ளே சுரங்கம் தோண்டிச் சென்றபோது, சுதைச் சிற்பங்களும் சிவப்பு வண்ணமும் கெடாத ஒரு முழுக் கோயில் எதிர்ப்பட்டது. ரோசலிலா என்று அதற்குப் பெயரிட்டார்கள். அறைகளைக் கவனமாக நிரப்பி, மேற்புறம் முழுவதும் வெள்ளைச் சுதை பூசி, இறந்தவரைப் போர்த்தி அடக்குவது போல் அதை அடக்கியிருந்தார்கள். உள்ளே கரி மிச்சத்தோடு தூபக்கால்களும், துணியில் சுற்றிய ஒன்பது தீக்கல் செங்கோல்களும் இருந்தன. ஒவ்வொரு செங்கோலிலும் மனித முகங்களின் பக்கத்தோற்றம் சில்லுச் சில்லாகத் தட்டிச் செதுக்கப்பட்டிருக்கிறது. ஓர் அடி தவறினாலும் முழுக் கல்லும் உடைந்துவிடும் நுணுக்கம் அது. அதே நகரில், பதினாறு மன்னர்களும் வரிசையாக அமர்ந்திருக்கும் பலிபீடம் கி.பி. 776இல் நிறுவப்பட்டது, அதன் அருகில் தோண்டிய கல்லறைக்குள் பதினைந்து ஜாகுவார்களின் எலும்புகள் கிடைத்தன. ஆட்சியிலிருந்த பதினாறாம் மன்னர் தமக்கு முந்திய ஒவ்வொருவருக்கும் ஒரு விலங்கைக் காணிக்கையாக்கினார் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம்.

எளிய வீடுகளில் இதே எண்ணம் வேறு வடிவில் இருந்தது. பெலீஸ் நாட்டின் காஷோப் ஊரில் பட்ரீசியா மெக்கனானி நடத்திய அகழாய்வில், குடும்பத்தில் இறந்தவர்களை வீட்டுத் தரைக்குக் கீழேயே அடக்கம் செய்து, அதன்மேல் புதுத்தளம் இட்டுத் தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்தது தெரிந்தது. சில அடக்கங்களோடு வைத்த கிண்ணங்களில் நாற்றிசைகளைக் குறிக்கும் சிலுவைக் குறி தீட்டியிருந்தார்கள். நிலமும் வீடும் எங்களுடையவை என்று சொல்வதற்கு அடியில் இருந்த முன்னோரே அவர்களுக்குச் சான்று.

கேள்வி: இத்தனை சிரமப்பட்டுத் தோண்டுவதற்குப் பதிலாக அவர்களுடைய நூல்களைப் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாதா? (வாசகர், திண்டுக்கல்)

படிக்கலாம், ஆனால் நூல்கள் இல்லை. முன்பு சொன்ன அதே லாந்தா, 1562ஆம் ஆண்டு ஜூலையில் மானி என்னும் ஊரில் மாயா நூல்களையும் வழிபாட்டு உருவங்களையும் தீயிலிட்டார். மரப்பட்டைத் தாளில் எழுதிய மாயா நூல்களில் இன்று எஞ்சியிருப்பவை நான்கு மட்டுமே. கல்வெட்டுகள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் அவை அரசர்களின் பிறப்பையும் போரையும் சடங்கையும் சொல்பவை. செரென் போன்ற ஊரைப் பற்றி ஒரு சொல்லும் அவற்றில் இல்லை.

கேள்வி: இன்றைய மாயா மக்கள் அந்தப் பழைய வழிபாட்டைத் தொடர்கிறார்களா? அவர்களுடைய புனித இடங்களைத் தோண்டும்போது அவர்களிடம் அனுமதி கேட்கிறார்களா? (ஆசிரியை, திருநெல்வேலி)

மாயா மொழிகளைப் பேசும் பல இலட்சம் மக்கள் இன்றும் குவாத்தமாலா, மெக்சிகோ, பெலீஸ் ஆகிய நாடுகளில் வாழ்கிறார்கள். இருபது நாள் பெயர்களையும் பதின்மூன்று எண்களையும் இணைத்துச் சுழலும் 260 நாள் நாட்காட்டியைக் குவாத்தமாலாவின் மலைநாட்டில் நாள் காப்போர் எனப்படும் சடங்குத் தலைவர்கள் இன்றளவும் விடாமல் எண்ணி வருகிறார்கள். அவர்கள் குறி பார்க்கப் பரப்பும் சிவப்பு விதைகள் நம் கல்யாண முருங்கையின் இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தினுடையவை. செரெனின் பன்னிரண்டாம் கட்டடத்து விதைக் குவியலுக்கு விளக்கம் சொல்ல முடிந்ததே இவர்களால்தான்.

அனுமதியைப் பொறுத்தவரை, நெடுங்காலம் கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை. விதிவிலக்குகள் உண்டு. 1959இல் சிச்சென் இட்சாவுக்கு அருகே பாலன்கஞ்சே குகையில் அடைத்து வைத்திருந்த ஒரு வழி திறந்து, உள்ளே தூபக்கால்களும் சின்னஞ்சிறு அம்மிகளும் வைத்தது வைத்தபடி இருப்பது தெரிந்தபோது, உள்ளூர் மாயா பூசாரி முன்வந்து, குகையின் காவல் தெய்வங்களிடம் பொறுத்தருள வேண்டும் என்று சடங்கு நடத்தியாக வேண்டும் என்றார். அகழாய்வை நடத்திய ஆண்ட்ரூஸ் அதற்கு இசைந்ததோடு அச்சடங்கையும் பதிவு செய்தார். 2019இல் அறிவிக்கப்பட்ட பலாம்கு குகையில் 150க்கு மேற்பட்ட பொருள்கள் இருந்தன. அங்கும் நுழைவதற்கு முன் மாயா பூசாரிகளைக் கொண்டு சடங்கு செய்தார்கள். குழுவின் தலைவர் கியெர்மோ டெ அந்தா, பொருள்களை அருங்காட்சியகத்துக்குப் பெயர்க்காமல், இருக்கும் இடத்திலேயே விட்டு முப்பரிமாணப் பதிவு செய்யும் திட்டத்தை அறிவித்தார். இவ்வழியையே நான் மனமார வரவேற்கிறேன். அம்மக்களின் நம்பிக்கைக்கும் அது மதிப்பளிக்கிறது, பொருளின் அக்கம்பக்கமும் குலையாமல் இருக்கிறது.

கேள்வி: செரெனில் இன்னும் தோண்ட வேண்டியது இருக்கிறதா? இவ்வளவு ஆழத்தில் வீடு எங்கே இருக்கிறது என்று தோண்டாமலே தெரிந்துகொள்ள முடியுமா? (வாசகர், புதுச்சேரி)

முடியும். நிலத்தடியை ஊடுருவும் ரேடாரை மாயா தொல்லியலில் மிக முன்பே பயன்படுத்திய இடங்களில் செரெனும் ஒன்று. மண்தரை சாம்பலைவிட வேறுவிதமாக அலைகளைத் திருப்பி அனுப்புவதால், மேலே நின்றே அடியிலுள்ள கட்டடத்தை அடையாளம் காணலாம். 1979இல் அக்கருவியை அதிர்வில்லாமல் நிலத்தின் மேல் நகர்த்துவதற்கு ஷீட்ஸ் குழுவினர் உள்ளூர் மாட்டுவண்டி ஒன்றை அமர்த்திக்கொண்டார்கள். மெதுவாகவும் சீராகவும் செல்வதற்கு அதைவிட ஏற்ற வாகனம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இதுவரை அடையாளம் கண்ட கட்டடங்கள் பதினெட்டு. அவற்றுள் முழுமையாகவோ பகுதியாகவோ தோண்டியவை பத்து. எஞ்சியவற்றைத் தோண்டுவதில் அவசரம் காட்டாததற்குக் காரணம் உண்டு. சாம்பலுக்குள் நூற்றாண்டுகள் கெடாமல் இருந்த மண்சுவர், வெளியே வந்ததும் ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் ஆளாகி உதிரத் தொடங்குகிறது. தோண்டிய கட்டடங்களின் மேல் பெரிய கூரைகள் அமைத்துக் காத்து வருகிறார்கள். அந்தப் பராமரிப்பே ஓயாத வேலையாக இருக்கிறது. சான் சால்வடோர் நகரிலிருந்து சாலை வழியே எளிதில் சென்று இக்கூரைகளின் கீழ் நின்று பார்க்கலாம். மான் தலையணி போன்ற பொருள்களைத் தனியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.